ஸ்லீப்பிங் பேக்கைத் தராசில் தொங்கவிடுங்கள்

குளிர்கால ஸ்லீப்பிங் பேக் ஒன்றைச் சோதித்துப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், எத்தனை ராத்திரி தொடர்ந்து அதில் படுத்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். ஒரே ராத்திரி என்றால், அந்தப் பை நன்றாக உலர்ந்து உப்பியிருக்கும்போது எப்படி இருக்கும் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். பனி மலையில் நாலைந்து நாள் தங்கப்போகிறவருக்கு அந்தத் தகவல் போதாது. முதல் ராத்திரி எல்லாப் பையும் நல்ல பைதான். மூன்றாவது ராத்திரி, அதிகாலை நாலு மணிக்கு, அதே பை எப்படி இருக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இந்தக் குளிர்காலத்தில் நான் எடுத்துப்போனது தூவி அடைத்த மம்மி வடிவப் பை, தோள் பக்கம் அகன்று கால் பக்கம் குறுகுவது. தூவி என்பது வாத்துக்கும் கூஸுக்கும் நெஞ்சுப் பக்கத்தில், இறகுக்கு அடியில் இருக்கிற தண்டில்லாத மெல்லிய பஞ்சு. ஆங்கிலத்தில் டவுன் என்கிறார்களே, அதுதான். என் பையில் 750 கிராம் தூவி, ஃபில் பவர் 800. அதாவது ஒரு அவுன்ஸ், சுமார் 28 கிராம் தூவியை உப்ப விட்டால் 800 கன அங்குல இடத்தை நிரப்பும். சூட்டைத் தடுத்து வைப்பது தூவி இல்லை, அதன் இழைகளுக்கு நடுவே அசையாமல் அடைபட்டுக் கிடக்கும் காற்றுதான். அதனால்தான் உப்பல் இவ்வளவு முக்கியமாகிறது. உப்பல் குறைந்தால் அடைபட்ட காற்று குறையும், காற்று குறைந்தால் குளிரும்.

பையின் உள்பக்கத்தில் தைத்திருக்கும் சீட்டில் மூன்று எண்கள் இருக்கும். என்னுடையதில் கம்ஃபர்ட் -9 டிகிரி செல்சியஸ், லிமிட் -16, எக்ஸ்ட்ரீம் -36. இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். 2002-ல் ஐரோப்பாவில் ஈஎன் 13537 என்ற தர அளவு வந்தது, பிறகு 2016-ல் ஐஎஸ்ஓ 23537 அதன் இடத்தைப் பிடித்தது. ஆளுயரப் பொம்மை ஒன்று, உடம்பு முழுக்க ஹீட்டரும் சென்சாரும் வைத்தது. அதற்கு ஒரு அடுக்கு உள்ளாடையும் முழங்கால் வரை சாக்ஸும் போட்டு, பைக்குள் வைத்து, மேட் மேல் படுக்கவைத்து, குளிர் அறையில் விடுகிறார்கள். பொம்மையின் சூடு குறையாமல் இருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்று அளந்து, அதிலிருந்து கணக்குப் போட்டு இந்த மூன்று எண்களையும் எடுக்கிறார்கள். கம்ஃபர்ட் என்பது ஒரு சராசரிப் பெண் உடம்பைக் குறுக்காமல் தளர்வாகப் படுத்தும் குளிர் தெரியாத அளவு. லிமிட் என்பது ஒரு சராசரி ஆண் சுருண்டு படுத்து, நடுங்காமல் எட்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் எல்லை. எக்ஸ்ட்ரீம் என்பது தூங்குவதற்கான எண்ணே இல்லை, உடம்பு விறைத்துச் சாகாமல் ஆறு மணி நேரம் சமாளிக்கலாம் என்ற அளவு. அதைப் பார்த்துப் பை வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. விற்கிறவர்கள் அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் போடக்கூடாது என்பதுதான் என் கருத்து.

நான் குளிர் தாங்காத ஆள். ஆண்தான் என்றாலும் லிமிட் எண்ணைத் திரும்பிப் பார்ப்பதில்லை, கம்ஃபர்ட் எண்தான் எனக்குக் கணக்கு.

சரி, அந்தச் சோதனையில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. பொம்மைக்கு வேர்க்காது, அது மூச்சு விடாது. நமக்கு இரண்டும் உண்டு. வேர்வை என்று தெரியாமலேயே தோல் வழியாக ஒரு நாளைக்குச் சுமார் 300-400 மில்லி நீர் ஆவியாகப் போய்க்கொண்டிருக்கிறது. சாதாரணக் குளிரில் அந்த ஆவி பையின் துணியைத் தாண்டி வெளியே போய்விடும். கடுங்குளிரில் அப்படிப் போவதில்லை. பையின் உள்பக்கம் நம் உடம்புச் சூட்டில் இருக்கிறது, வெளிப்பக்கம் -15-ல் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே எங்கோ ஓர் இடத்தில் ஆவி நீராகி, இன்னும் கொஞ்சம் வெளியே போனதும் உறைந்துவிடுகிறது. அந்த இடம் தூவிக்கு உள்ளேயே இருக்கிறது. காலையில் பையைத் தொட்டால் கையில் ஈரம் தெரியாது, அது பனிக்கட்டியாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுருட்டி முதுகுப்பைக்குள் அமுக்கி, சுமந்து, அடுத்த ராத்திரி பிரித்துப் படுத்தால் பழைய பனி உருகித் தூவியை நனைக்கும், அதோடு புது ஆவியும் சேரும்.

இதைக் கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் எடை போடலாம். எனக்குப் பிடித்த சோதனை இதுதான், செலவும் கிடையாது. பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசு ஒன்று போதும். கிளம்புவதற்கு முன் நன்றாக உலர்ந்த பையை அதன் உறை இல்லாமல் தொங்கவிட்டு எடை பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் தினமும் காலையில், வெளித்துணியில் படிந்திருக்கும் பனித்தூளைத் தட்டிவிட்டு, அதே போல எடை. கூடவே ஒரு ஸ்கேல். பையைப் பிரித்து அரைமணி நேரம் உப்ப விட்டு, நெஞ்சுப் பக்கத்திலும் கால் பக்கத்திலும் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். வெப்பமானியைப் பை படுத்திருக்கும் மட்டத்தில், டென்ட்டின் ஓரமாக வைப்பேன். உச்சியில் தொங்கவிட்டால் நம் மூச்சுச் சூட்டைத்தான் அது காட்டும். வெளியே இன்னொன்று.

இடம் தேர்ந்தெடுப்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டியிருந்தது. மரங்கள் முடிகிற உயரத்துக்குச் சற்று மேலே, பனிச்சரிவு இறங்கும் பாதையிலிருந்து விலகிய ஒரு திட்டு. பள்ளத்தாக்கின் அடியில் போடவில்லை, ஏனென்றால் மேகமில்லாத, காற்றில்லாத ராத்திரியில் குளிர்ந்த கனமான காற்று சரிவில் வழிந்து அடியில் வந்து தேங்கும். கொஞ்சம் மேலே ஏறினாலே சில டிகிரி வித்தியாசம் இருக்கும். இன்னொன்று, சோதனை என்பதால் நிலைமை மோசமானால் ராத்திரியே இறங்கி வண்டிக்குப் போய்விடக்கூடிய தூரத்தில்தான் தங்கினோம். புதுப் பையை முதல்முறை குளிரில் பார்க்கப்போகிறவர்கள் இதில் மட்டும் சமரசம் செய்துகொள்ளக்கூடாது. பனியைப் பனிச்செருப்போடு மிதித்துச் சமப்படுத்தி, அது இறுகும்வரை காத்திருந்து, அதன்மேல் டென்ட் போட்டோம்.

கூட வந்த நண்பரிடம் செயற்கை இழை அடைத்த பை. அவருக்கும் சேர்த்துத்தான் எடை பார்த்தோம், ஒப்பிட நல்ல வாய்ப்பாகப் போயிற்று.

முதல் ராத்திரி வெளியே -17, டென்ட்டுக்குள் -13. என் பையின் கம்ஃபர்ட் எண்ணைவிட 4 டிகிரி கீழே. உள்ளே ஒரு கம்பளி உள்ளாடை, உலர்ந்த சாக்ஸ், தலைக்குத் தொப்பி. கழுத்தைச் சுற்றி வருகிற தடிமனான பட்டையை இழுத்துக் கட்டியதும் வித்தியாசம் உடனே தெரிந்தது, அது இல்லாத பையில் புரண்டு படுக்கும் ஒவ்வொரு முறையும் சூடான காற்று கழுத்து வழியாக வெளியே போய்விடும். இந்தப் பையில் அந்தப் பிரச்சினை இல்லை. ஜிப்புக்குப் பின்னால் ஓடும் தூவிக் குழாயும் நன்றாக அடைத்துக்கொண்டிருந்தது, ஆனால் முழங்கால் பக்கத்தில் ஜிப் அடிக்கடி துணியைக் கடித்தது. கையுறையோடு அதை விடுவிப்பது சிரமம். மற்றபடி நன்றாகவே தூங்கினேன். ஒரு ராத்திரியோடு திரும்பியிருந்தால் இந்தப் பையை -13 வரை கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப்போகலாம் என்று எழுதியிருப்பேன்.

காலையில் தராசு 1,310 கிராம் காட்டியது. கிளம்பும்போது 1,260. ஐம்பது கிராம் பனி உள்ளே போயிருக்கிறது.

இரண்டாவது காலை 1,370. அன்று பகலெல்லாம் மூட்டம், கொஞ்சம் பனிப்பொழிவு, பையை வெளியே காயப்போட வழியே இல்லை. மூன்றாவது ராத்திரி படுக்கும்போது பிரித்துப் போட்ட பையைப் பார்த்ததுமே தெரிந்தது. நெஞ்சுப் பக்கம் 16 சென்டிமீட்டர் நின்ற பை 14-க்கு வந்திருந்தது, கால் பக்கம் 15-லிருந்து 11. கால்முனையில் தூவி அடைத்துத் தைத்த ஒரு அறையை விரல்களுக்கு நடுவே மெல்லப் பிடித்துப் பார்த்தேன். தூவி சீராக இல்லாமல் பட்டாணி பட்டாணியாகத் திரண்டிருந்தது, அழுத்தினால் உள்ளே நறநறவென்று ஒரு சின்னச் சத்தம். டார்ச்சைத் துணிக்குப் பின்னால் வைத்துப் பார்த்தால், முன்பு முழுக்க மங்கலாகத் தெரிந்த இடத்தில் இப்போது திட்டுத்திட்டாக வெளிச்சம் ஊடுருவியது. அந்த வெளிச்சத் திட்டுகளில் தூவியே இல்லை, இரண்டு மெல்லிய துணிகள் மட்டும்தான்.

அந்த ராத்திரி வெளியே -15, உள்ளே -11 சொச்சம். முதல் ராத்திரியைவிட இதமான ராத்திரி. அதே பை, அதே மேட், அதே உடை, சாப்பாடும் ஏறக்குறைய அதே. ஆனால் மூன்று மணிக்குப் பாதம் குளிர்ந்து விழித்துக்கொண்டேன், அதற்குப்பிறகு ஒழுங்கான தூக்கம் இல்லை. காலுக்குமேல் ஜாக்கெட்டைப் போர்த்திய பிறகு கொஞ்சம் பரவாயில்லை. நண்பர் இருட்டிலேயே, "கால்தானே? எனக்கும் கொஞ்சம் இருக்கு, ஆனா தாங்குது" என்றார். காலையில் என் பை 1,440. மூன்று ராத்திரியில் 180 கிராம்.

அவருடைய பையும் ஈரத்தை வாங்கத்தான் செய்தது, 2,100-லிருந்து 2,240-க்குப் போயிருந்தது. ஆனால் உப்பல் ஒரு சென்டிமீட்டர்தான் குறைந்திருந்தது. செயற்கை இழைக்கு ஈரத்தில் விறைப்பு போய்விடுவதில்லை, தூவி நனைந்தால் சுருண்டு ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அவர் பை என்னுடையதைவிட 840 கிராம் அதிகம், முதுகுப்பையில் பாதி இடத்தை அதுவே எடுத்துக்கொள்ளும், பல வருடம் அமுக்கி அமுக்கி எடுத்துப்போனால் இழை நிரந்தரமாகவே நசுங்கிவிடும். எது சிறந்தது என்று ஒரே வரியில் என்னால் சொல்ல முடியாது.

இந்தக் கணக்கை எழுதும்போதெல்லாம் எனக்கு 1911-ன் அண்டார்க்டிக் குளிர்காலம் நினைவுக்கு வரும். ஸ்காட்டின் அண்டார்க்டிக் ஆய்வுக் குழுவிலிருந்து எட்வர்டு வில்சன், ஹென்றி பவர்ஸ், ஆப்ஸ்லி செர்ரி-கேரார்டு மூன்று பேரும் எம்பரர் பெங்குவின் முட்டைகளுக்காகக் கேப் குரோசியருக்கு நடந்தார்கள். ஐந்து வாரம், நடு இருட்டு, -60 வரை போன குளிர். அவர்களிடம் இருந்தவை கலைமான் தோல் பைகள். திரும்பி வந்தபோது அந்தப் பைகளின் எடை இரண்டு மடங்குக்கும் மேல் ஆகியிருந்தது, கூடியதெல்லாம் அவர்கள் உடம்பிலிருந்தும் மூச்சிலிருந்தும் போன நீர், பனிக்கட்டியாக. பை பலகைபோல் உறைந்துவிடுவதால் உள்ளே நுழைவதற்கே நெடுநேரம் போராட வேண்டியிருந்தது. நம் பைகள் எவ்வளவோ முன்னேறிவிட்டன, ஆனால் அந்த நீர் போகிற பாதை அன்றைக்கு இருந்த அதே பாதைதான்.

இன்னொரு பெரிய விஷயம் மேட். பையின் அடிப்பக்கத் தூவி நம் எடையில் நசுங்கிவிடுகிறது, அங்கே காற்றும் இல்லை, சூடும் நிற்காது. அடியில் நம்மைக் காப்பாற்றுவது மேட் மட்டும்தான். சூடு கீழே போகாமல் எவ்வளவு தடுக்கிறது என்று காட்ட மேட்டுக்கு ஆர்-வேல்யூ என்று ஓர் எண் உண்டு. 2018-ல் வந்த ஏஎஸ்டிஎம் எஃப்3340 அளவுமுறைக்குப் பிறகு வெவ்வேறு நிறுவன மேட்களையும் ஒப்பிட முடிகிறது. இரண்டு மேட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் எண்களைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது இதில் உள்ள வசதி. என்னிடம் காற்றடைத்த மேட் 4.5, மடிக்கிற ஃபோம் மேட் 2, மொத்தம் 6.5. இரண்டாவது ராத்திரி வேண்டுமென்றே ஃபோமை எடுத்துவிட்டுக் காற்று மேட்டில் மட்டும் படுத்தேன். பன்னிரண்டு மணிக்கு முன்பே இடுப்பும் தோள்பட்டையும், அதாவது எடை அழுத்துகிற இடங்கள், கீழேயிருந்து சில்லிட ஆரம்பித்தன. மேல்பக்கம் இதமாக இருக்கிறது, கீழே குளிர்கிறது. ஃபோமை மீண்டும் அடியில் செருகிய கால்மணி நேரத்தில் சரியாகிவிட்டது. பை குளிர்கிறது என்று குறை சொல்லப்படுவதில் பெரும்பகுதி மேட் செய்த வேலை என்று நினைக்கிறேன். பனிமேல் படுப்பதற்கு ஆர் 5-க்குக் குறைவாக எடுத்துப்போக மாட்டேன்.

சூடான தண்ணீர் பாட்டில் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பை சூட்டை உண்டாக்குவதில்லை, இருக்கிற சூட்டைத் தக்கவைக்கிறது, அவ்வளவுதான். குளிர்ந்துபோய் உள்ளே நுழைந்தால் குளிர்ந்தபடியேதான் கிடப்போம். ஒரு லிட்டர் தண்ணீர் 90 டிகிரியிலிருந்து 35-க்கு ஆறும்போது சுமார் 230 கிலோஜூல் கொடுக்கிறது. தூங்குகிற உடம்பு 75 வாட் அளவில் சூடு தருகிறது என்று வைத்துக்கொண்டால், அது ஏறக்குறைய 50 நிமிடத்துக்கான உடம்புச் சூடு, எந்த உழைப்பும் இல்லாமல். கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில், மூடியைத் தலைகீழாகப் பிடித்து ஒழுகவில்லை என்று பார்த்துவிட்டு, ஒரு சாக்ஸுக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே பெரிய ரத்தக்குழாய் தோலுக்கு அருகில் ஓடுவதால் சூடு உடம்பெங்கும் போகிறது. பிறகு காலால் கீழே தள்ளிவிடலாம். தண்ணீர் காய்ச்சுவதை மட்டும் டென்ட்டுக்கு வெளியே செய்யுங்கள். மூடிய டென்ட்டில் அடுப்பு எரிந்தால் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, அதில் செத்துப்போனவர்கள் உண்டு.

முகத்தைப் பைக்குள் புதைத்துக்கொள்வதும் கூடாது. அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும், மூச்சின் ஈரம் முழுக்க நேராகத் தூவிக்குள் போகும். மூக்கும் வாயும் வெளியே இருக்கும்படி பையின் தலைமூடியை, அதாவது தலையைச் சுற்றி வரும் பகுதியை, சுருக்கிக் கட்டிவிட்டு, மூக்கின்மேல் ஒரு துணியைப் போட்டுக்கொள்வது நல்லது.

நான்காவது காலை நல்ல வெயில், லேசான உலர்ந்த காற்று. பையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, டென்ட்டின் மேல் பரப்பிக் கட்டினேன். உள்துணி கறுப்பாக இருப்பது இதற்குத்தான் உதவுகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தூவிக் கட்டிகளை விரலால் மெல்லப் பிரித்துவிட்டுக்கொண்டே இருந்தேன். மாலைக்குள் 1,330. காற்று -8-லேயே இருந்தும் 110 கிராம் போய்விட்டது. நடந்துகொண்டே இருக்கிற பயணத்தில் இப்படி ஒரு பகலைப் பைக்காக ஒதுக்க முடியாது என்பதுதான் சிக்கல்.

அன்றைக்கு ராத்திரி பைக்குள் ஆவித்தடுப்பு உறையைப் போட்டுப் படுத்தேன். துருவப் பயணம் போகிறவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்துவது, நீராவி புகாத மெல்லிய உறை, பைக்குள் நாம் நுழையும் இன்னொரு பை. உடம்பிலிருந்து வரும் ஈரம் நம்மோடேயே நின்றுவிடுகிறது, தூவிக்குப் போவதில்லை. படுத்த முதல் ஒரு மணி நேரம் பிசுபிசுவென்று இருந்தது, எனக்கு அது பிடிக்கவில்லை. உள்ளாடையைக் குறைத்து, சற்றுக் குளிர்ச்சியாகவே படுத்தால் அந்தப் பிசுபிசுப்பு குறைகிறது. காலையில் உள்ளாடை ஈரம், அதை உடம்பிலேயே காய வைத்தேன், நடக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிட்டது. பை 1,340. பத்து கிராம்தான், அதுவும் தலைமூடிப் பக்கத்தில், மூச்சால் வந்தது. வெளியே அன்று -16. மூன்று மணிக்கு விழிப்பும் இல்லை.

ஆக, இந்தப் பையை டென்ட்டுக்குள் -12 வரை, இரண்டு ராத்திரிப் பயணத்துக்கு அப்படியே எடுத்துப்போவேன். அதற்குமேல் நாள் கூடினால் ஆவித்தடுப்பு உறை கட்டாயம் முதுகுப்பையில் இருக்கும், அதன் எடை 150 கிராம்கூட இல்லை. -15-க்குக் கீழே என்றால் இந்தப் பைமேல் செயற்கை இழையில் செய்த மெல்லிய மேலுறைப் பை ஒன்றையும் சேர்ப்பேன். அப்படிச் செய்தால் ஆவி உறைகிற இடம் தூவியைத் தாண்டி வெளி உறைக்குள் தள்ளிப்போக வேண்டும், செயற்கை இழை அந்த ஈரத்தைத் தாங்கிக்கொள்ளும். அடுத்த முறை இரண்டையும் தனித்தனியாக எடை போடப்போகிறேன். பனி எந்தப் பையில் ஏறியிருக்கிறது என்று தராசே காட்டிவிடும்.